அவருக்கு நிழல், எனக்குத் தண்ணீர்

குளிர்காலத்தில் எங்காவது வெயிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பும் தம்பதிகள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் தேடுகிறார்கள். அங்கே எத்தனை டிகிரி? 22 என்று பதில் வந்தால் உடனே டிக்கெட் போட்டுவிடுவார்கள். ஆனால் எல்லா 22-ம் ஒன்று போல இருக்காது. மதிய வேளையில், காற்றுப் படாத ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தால் 22 டிகிரியில் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். அதே 22, காற்று வீசுகிற திறந்த கரையில் என்றால் சால்வையைத் தேட வைக்கும். தண்ணீருக்குள் 22 என்றால் கேட்கவே வேண்டாம். நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். முதல் கால் மணி நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் பல் தந்தியடிக்கும்.

எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு முக்கியம். நானும் என் கணவரும் ஓய்வெடுக்கிற விதமே வேறு. எனக்குத் தண்ணீரைக் கண்டால் இறங்கியாக வேண்டும். அவருக்குத் தண்ணீர் கண்ணில் பட்டால் போதும். கணுக்காலுக்கு மேல் அவர் நனைந்து நான் பார்த்ததில்லை. நிழலில் ஒரு பெஞ்ச், எதிரே கொஞ்சம் ஆள் நடமாட்டம், மடியில் பாதி படித்த புத்தகம். அவருடைய விடுமுறை அவ்வளவுதான். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. கிடைத்த நாலு நாளில் எங்கே போனாலும் சந்தோஷம். ஓய்வு பெற்று, குளிர்காலம் வந்தாலே பெட்டி கட்டுவது என்று ஆன பிறகுதான் உறைத்தது. ஒருவருக்கு மட்டும் பிடித்த கரையில் மற்றவர் பார்க்கிற வேலை, துணிக்கும் செருப்புக்கும் காவல். இவள் எப்போது கரையேறுவாள் என்று மணி பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷனை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நீந்த முடியும்?

அதனால் நாங்கள் தேடுவது ஒரு நல்ல தண்ணீர், அதைப் பார்த்தபடி ஒரு நல்ல பெஞ்ச், இரண்டுக்கும் நடுவே கூப்பிடு தூரம். விளம்பரப் படங்களில் ஜோடிகள் கைகோத்துக்கொண்டு அந்திக் கடற்கரையில் நடக்கிறார்கள். நாங்கள் சேர்ந்து நடந்தால் நூறு அடியில் அவர் முன்னால் போய்விடுவார், நான் கிளிஞ்சல் பொறுக்க நின்றுவிடுவேன். சேர்ந்து நடப்பதைவிட, அவரவர் வேலையைப் பார்த்துவிட்டு மதியம் ஒரு மணிக்குச் சந்தித்துக்கொள்வதுதான் எங்களுக்கு ஒத்துவருகிறது. சொல்வதற்கும் ஏதாவது இருக்கும்.

டிகிரிக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று பகல் நேரம். குளிர் நாட்டில் வாழ்கிறவர்களை டிசம்பரில் வாட்டுவது குளிரைவிட இருட்டுதான் என்று எனக்குத் தோன்றும். குளிருக்குக் கோட்டு இருக்கிறது, நாலு மணிக்கே கவிகிற இருட்டுக்கு எதைப் போட்டுக்கொள்வது? டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூடக் கிடையாது. அன்றே ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் 10 மணி நேரத்தைத் தாண்டும். தெற்கே இறங்க இறங்கப் பகல் நீளும். பூமத்திய ரேகையில் வருஷம் முழுக்க 12 மணி நேரம். ஒரு நாளுக்கு இரண்டரை மணி நேர வெளிச்சம் கூடுதல் என்பதைத் தாளில் படித்தால் ஒன்றும் தோன்றாது. அங்கே போய், மாலை ஐந்தரைக்கு வெளியே உட்கார்ந்து எழுத்துத் தெரிய புத்தகம் படிக்கும்போது புரியும். மத்தியதரைக் கடலோர ஊர்கள் பல பகலில் இதமாக இருந்தாலும் ஜனவரியில் நாங்கள் அங்கே போகாததற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, தண்ணீர்.

கடல் நிதானமாகச் சூடாகி நிதானமாக ஆறும். வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தரை ராத்திரி பத்து மணிக்கும் காலைச் சுடுவது போல, கோடையில் வாங்கிய சூட்டைக் கடல் மாதக் கணக்கில் வைத்திருக்கும். வடகோளத்தில் வெயில் உச்சத்தில் இருப்பது ஜூனில். கடல் உச்ச சூட்டுக்கு வருவது ஆகஸ்ட், செப்டம்பரில். அதே போலக் குளிர்காலத்தின் நடு நாள் டிசம்பரில் வந்துபோனாலும் கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான். கனேரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபில் டிசம்பர்த் தண்ணீர் 21 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மார்ச்சில் 19. இரண்டு டிகிரிதானே என்பவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

இதில்தான் எங்களுக்குள் ஆண்டுதோறும் இழுபறி. எனக்கு டிசம்பர் தொடக்கம் வேண்டும், தண்ணீர் இன்னும் ஆறியிருக்காது. அவருக்குப் பிப்ரவரி வேண்டும். "டிசம்பர்ல இருட்டு புதுசு, தாங்கிக்கலாம். பிப்ரவரிலதான் மூச்சு முட்டுது" என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. பிப்ரவரியில் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால் வீட்டிலும் பகல் நீண்டிருக்கும். டிசம்பரில் போய்த் திரும்பினால் ஜனவரி முழுசாகக் காத்திருக்கும். ஓர் ஆண்டு என் பக்கம், ஓர் ஆண்டு அவர் பக்கம் என்று சட்டமெல்லாம் போட்டுக்கொள்ளவில்லை. யார் முதலில் டிக்கெட் பார்க்கிறார்களோ அவர்கள் பக்கம்.

நீச்சல் குளம் இருக்கிற ஹோட்டல்தானே, கடல் எப்படியிருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்தவெளியில் இருக்கும், சூடேற்றாத குளம் குளிர்காலத்தில் கடலைவிடச் சில்லென்று இருக்கும். கடலுக்கு ஆழம் இருக்கிறது, கோடையின் சேமிப்பு இருக்கிறது. குளத்துக்கு என்ன இருக்கிறது? ராத்திரிக் குளிரில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடும். ஆகவே "குளம் உண்டா" என்று கேட்காதீர்கள். "இந்த மாதம் சூடேற்றுவீர்களா, எத்தனை டிகிரிக்கு" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு விடுதியில் சூடேற்றப்பட்ட குளம் என்றார்கள். இறங்கினால் விரல் மரத்தது. விசாரித்தால், வெயில்தான் சூடேற்றுகிறது என்று முகத்தில் சிரிப்பில்லாமல் பதில் வந்தது.

டெனரீஃப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் இரண்டு பேர் தேவையும் சரியாகப் பொருந்திய முதல் இடம் அது. ஆப்பிரிக்கக் கரையோரம் அட்லாண்டிக்கில் கிடக்கும் ஸ்பானியத் தீவு. நடுவே 3,715 மீட்டர் உயரத்துக்கு டெய்டே எரிமலை. அந்த மலைதான் தீவை இரண்டாக வகுக்கிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாணிபக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்துவந்து வடக்குச் சரிவில் மேகமாகக் கட்டிவிடும். தெற்குப் பக்கத்துக்கு மீதி ஈரம் ஒன்றும் போகாது. விளைவு, வடக்கு பச்சை, தெற்கு பாலை. ஒரே நாளில் வடக்கே தூறலும் தெற்கே சுள்ளென்ற வெயிலும் சாதாரணம். வெயில் தேடி வருகிறவர்கள் கூட்டமாகத் தெற்கே போகிறார்கள். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பெரிய பெரிய விடுதிகளும் வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலிகளும். என் கணவர் சாய்வு நாற்காலியில் படிக்க மாட்டார், தூங்கிவிடுவார். அவருக்கு வேண்டியது ஊருக்குள் இருக்கும் பெஞ்ச்.

அது வடமேற்குக் கரையில் கராச்சிகோ என்ற சின்ன ஊரில் கிடைத்தது. ஒரு காலத்தில் தீவின் முக்கியத் துறைமுகம் இது. 1706-இல் மேலே மலையில் எரிமலை வெடித்து, குழம்பு சரிவில் வழிந்து ஊருக்குள் இறங்கி, துறைமுகத்தை மூடிவிட்டது. கப்பல்கள் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. ஊரின் பிழைப்பு போனது. ஆனால் குழம்பு கடலைத் தொட்ட இடத்தில் விரல் விரலாக உறைந்து, இடையிடையே பள்ளங்களை விட்டுவைத்தது. அலை உள்ளே வந்து நிரப்பும், பாறை அலையின் வேகத்தைத் தடுக்கும். இன்று எல் காலெத்தோன் என்ற பெயரில் ஊரார் குளிக்கும் இயற்கைக் குளங்கள் அவைதான். பக்கத்திலேயே 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று, குழம்பு ஓடியும் தப்பித்து, குட்டையாக நிற்கிறது.

பாறைக்கு நடுவே சிமெண்டுப் படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் போட்டிருக்கிறார்கள். கடைசி இரண்டு படியில் பாசி. அங்கே கம்பியை விடக்கூடாது. இறங்கியதும் முதலில் தெரிவது நிறம். மேலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரிந்த தண்ணீர் உள்ளே கண்ணாடியாக இருக்கும், கீழே பாறை இடுக்கில் விரல் நீள மீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பிப் போகும். பாறைச் சுவரில் சிவப்புக் கால் நண்டுகள் நம் நிழல் பட்டதும் பக்கவாட்டில் ஓடி ஒளியும். சில நிமிடத்துக்கு ஒரு முறை, வெளியே பெரிய அலை ஒன்று மோதும் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று நொடி எதுவும் நடக்காது. அப்புறம் குளத்தின் வாய் வழியாக நுரை நுழைந்து, தண்ணீர் முழுவதும் ஒரு சாண் உயர்ந்து நம்மையும் தூக்கி, மெதுவாக இறக்கிவிடும். அந்த இறக்கத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போவேன்.

இங்கே கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓதத்தின்போது 2 மீட்டரைத் தாண்டும். தாழ்ந்த நேரத்தில் குளங்கள் குளங்களாக இருக்கும்; உயர்ந்த நேரத்தில் பாதி கடலாகிவிடும். ஆகவே ஓத அட்டவணையைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில் எங்கோ புயல் அடித்தால், வானம் நீலமாக இருக்கும்போதே இங்கே அலை மலையாக வரும். அன்றைக்குச் சங்கிலி போட்டு வழியை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடியதுதான். சங்கிலியைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்தக் கரைகளில் ஆட்களை அலை இழுத்துக்கொண்டு போவது அபூர்வமான செய்தி இல்லை.

அவருக்கு? குளங்களிலிருந்து கொஞ்சம் ஏறினால் ஊர்ச் சதுக்கம். நடுவில் மரக் கூரை போட்ட பாட்டு மேடை, சுற்றிலும் பெரிய மரங்கள், மர நிழலில் பெஞ்சுகள். காலை பத்தரைக்கு மேல் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது. மூன்றாம் நாள் அவருக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் ஈரத் தலையோடு போய் நின்றால், ஒரு தாத்தா என்னைக் காட்டி ஏதோ சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், என் கணவரும் சேர்ந்து சிரிப்பார். "என்னங்க சொன்னார்?" என்று கேட்டால், "யாருக்குத் தெரியும், நல்லதாத்தான் இருக்கும்" என்பார்.

குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கரைக்குப் போவதை ஏதோ இந்தக் கால மோகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. விமானம் வந்து பழக்கத்தைப் பரப்பியது உண்மை, ஆனால் பழக்கம் அதற்கு ரொம்ப முந்தியது. பிரான்சின் நீஸ் நகரத்தில் கடலை ஒட்டிப் போகும் புகழ்பெற்ற நடைபாதை 1820-களில் உருவானது, அங்கே குளிர்காலம் கழிக்க வந்த ஆங்கிலேயர்கள் பணம் போட்டு. அந்தக் கரைக்கு அன்று சீசன் என்றால் குளிர்காலம்தான். கோடையில் கடை சாத்திவிடுவார்கள். வெயிலில் படுத்துத் தோலைக் கறுக்க வைக்கும் மோகம் 1920-களில் வந்த பிறகுதான் சீசன் தலைகீழானது. 2021-இல் யுனெஸ்கோ நீஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் குளிர்கால ஓய்வு நகரம் என்ற முறையில்தான். அந்தக் காலத்து ஆட்கள் தண்ணீரில் இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள். என் கணவர் நூறு வருஷம் தாமதமாகப் பிறந்துவிட்டார்.

அவருக்காகவே போன இடம் எகிப்தின் அஸ்வான். நைல் நதியில் நீந்துவது எனக்குச் சரிப்படாது. வேகம் குறைந்த, தேங்கிய நன்னீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழுத் தொற்று அங்கே பழைய தலைவலி. ஆக, தண்ணீரைப் பார்க்க மட்டும் ஒரு பயணம். எனக்கு ஆரம்பத்தில் முகம் சுளித்ததை மறைக்க முடியவில்லை. ஆனால் ஓர் ஊரின் வெயிலை நம்பலாம் என்றால் அது அஸ்வான் வெயில்தான். கடக ரேகைக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. மழை என்பது ஆண்டுக்கணக்கில் வராமலே போகலாம். ஜனவரியில் பகல் 23 டிகிரி வாக்கில் இருக்கும், அந்த உலர் வெயில் எலும்புக்குள் இறங்கும். ஆனால் இரவு வேறு ஊர். பாலைவனமாயிற்றே, சூரியன் ஐந்து மணிக்கு மறைந்ததும் சூடு பறந்துவிடும், விடியலில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். வெயில் நாடு என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு வந்தவர்கள் மாலையில் படகுத்துறையில் கைகட்டி நடுங்குவதைப் பார்க்கலாம். கம்பளிச் சட்டை ஒன்று கட்டாயம்.

அங்கே எங்கள் வேலை ஃபெலூக்கா என்ற பாய்மரப் படகில் ஏறிச் சும்மா சுற்றுவது. எஞ்சின் கிடையாது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆகவே போகும்போது பாயை விரித்தால் காற்று நீரோட்டத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு போகும், வரும்போது சும்மா விட்டால் ஆறே கொண்டுவந்து சேர்த்துவிடும். பல ஆயிரம் வருஷமாக அந்த நாட்டின் போக்குவரத்தே இந்த ஏற்பாட்டில்தான் நடந்திருக்கிறது. காற்று பக்கவாட்டில் திரும்பினால் படகோட்டி பாயைக் குறுக்கே மாற்றுவார். பெரிய மரக்கை தலைக்கு மேல் போகும், குனிய வேண்டும். காற்று முழுசாக நின்றுவிட்டால் துடுப்பை எடுக்கவும் மாட்டார். கைலாகு கொடுத்து ஏற்றிவிட்டவர் இப்போது படுத்துவிடுவார். நாங்களும் படுத்துவிடுவோம். கறுத்து வழவழப்பான கருங்கல் பாறைகள், அவற்றின் மேல் கொக்குகள், அப்பால் ஆரஞ்சு நிற மணல் மேடு, எல்லாம் மிக மெதுவாக நகரும். நீந்தாமலே நாள் போகிறது என்பதை நான் கவனித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

எலிஃபண்டைன் தீவில் ஒரு பழைய நைல்மானி இருக்கிறது. ஆற்றுக்குள் இறங்கும் கல் படிக்கட்டு, சுவரில் அளவுக் கோடுகள். வெள்ளம் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று பார்த்து அந்த ஆண்டு விளைச்சலைக் கணித்து வரி போடுவார்களாம். 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடித்த பிறகு அந்த வெள்ளமும் இல்லை, கோடுகளுக்கு வேலையும் இல்லை. காலமெல்லாம் கணக்கு வழக்கோடு வாழ்ந்த என் கணவருக்குக் கோயில்களைவிட அந்தப் படிக்கட்டு பிடித்துப்போனது. ஒரு சுவரைப் பார்த்து ஒரு நாட்டுக்கே வரவு செலவுத் திட்டம் போட்டிருக்கிறார்களே என்று அன்று முழுக்க அதே பேச்சு.

எதிர்க்கரையில், மேட்டின் மேல், மூன்றாம் ஆகா கானின் கல்லறை மாடம் தெரியும். இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர், குளிர்காலத்தை மனைவியோடு அங்கே கழிப்பது அவர் வழக்கம். 1957-இல் இறந்தார், பிடித்த அந்தக் கரையிலேயே அடக்கம் செய்யச் சொன்னார். அவர் மனைவி அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கும் மேல் வாழ்ந்தார், அங்கே வருவதையும் நிறுத்தவில்லை. கல்லறை மேல் தினமும் ஒரு சிவப்பு ரோஜா வைக்க ஏற்பாடு செய்திருந்தார் என்பதை எந்தப் படகோட்டியும் சொல்லாமல் விடமாட்டார். எங்களுக்குச் சொன்னவர், சொல்லிவிட்டு என் கணவரைக் கேள்வியாகப் பார்த்தார். அவர் புத்தகத்துக்குள் போய்விட்டார்.

ஃப்ளோரிடாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வட அமெரிக்காவின் பாதி முதியோர் குளிருக்கு அங்கேதான் இறங்குகிறார்கள் என்று தோன்றும். அங்கே எங்களுக்கு ஒத்துவந்தது மேற்குக் கரை. சானிபெல் தீவு மற்ற கடலோரத் தீவுகளைப் போல வடக்கு தெற்காக நீளாமல் கிழக்கு மேற்காக வளைந்து கிடக்கிறது. மெக்சிகோ வளைகுடா தள்ளிவரும் சங்கும் கிளிஞ்சலும் அந்த வளைவில் வந்து குவிகின்றன. காலையில் கரை முழுக்க ஆட்கள் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி நடப்பார்கள். உயிருள்ள சங்கை எடுக்கக் கூடாது என்று அங்கே சட்டம். 2022 செப்டம்பரில் இயன் புயல் அந்தத் தீவைப் பிரதான நிலத்தோடு இணைக்கும் சாலையையே பல இடங்களில் அறுத்துப்போட்டது, பிறகு கட்டினார்கள். கிளிஞ்சல் பொறுக்குவதில் மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி, அதனால் அங்கே பெஞ்ச் பிரச்சினை எழவில்லை.

வடக்கே கிரிஸ்டல் ரிவரில் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. நிலத்தடி ஊற்றுகள் ஆண்டு முழுக்க 22 டிகிரியில் தண்ணீரைக் கக்குகின்றன. கோடையில் அது குளுமை, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. மனாட்டிகள் அதைத் தேடி வருகின்றன. நம் பாக் நீரிணையில் இருக்கும் கடற்பசுவுக்கு ஒன்றுவிட்ட உறவு. சாதாரணமாக 3 மீட்டர் நீளம், அரை டன் கனம். அவ்வளவு பெரிய உடம்பில் குளிர் தாங்கும் கொழுப்பு போதாது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்தால் நோய்ப்பட்டுச் செத்துவிடும். ஆகவே நவம்பர் நடுவில் வளைகுடா குளிரத் தொடங்கியதும் ஆற்றில் ஏறி ஊற்றுக்கு வந்து சேர்ந்து, மார்ச் வரை தங்கிவிடுகின்றன.

விடியற்காலையில் போக வேண்டும். தண்ணீர் மேல் ஆவி எழும். ரப்பர் உடை மாட்டிக்கொண்டு, முகமூடியும் மூச்சுக்குழாயும் வைத்து, காலை உதைக்காமல் மிதக்க வேண்டும். துரத்தக் கூடாது, சுற்றி வளைக்கக் கூடாது, தூங்குவதை எழுப்பக் கூடாது. நான் மிதந்துகொண்டிருந்தபோது அடியில் பாறை என்று நினைத்திருந்தது மெல்ல மேலே வந்தது. முதுகில் பாசி, படகு எஞ்சின் விசிறி கீறிய பழைய வெள்ளைத் தழும்புகள் வரிசையாக. மூக்கின் இரண்டு மூடிகள் திறந்து, புஸ்ஸென்று ஒரு மூச்சு, மறுபடி மூடிக்கொண்டன. முன்துடுப்பின் ஓரத்தில் நகங்கள் இருக்கும் என்று படித்திருந்தேன், அன்றுதான் பார்த்தேன். அது என்னைப் பொருட்படுத்தவே இல்லை. கரையிலிருந்த மரநடைபாதையில் நின்றபடி என் கணவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தெளிந்த தண்ணீர், மேலிருந்தே எல்லாம் தெரியும். "உனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கும், எனக்கு இங்கேருந்து பதினொண்ணு" என்று பெருமை வேறு.

அறை விஷயத்தில் எங்களுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கடல் பார்த்த அறை என்று கூடுதலாகக் கொடுப்பதைவிடத் தெற்குப் பார்த்த பால்கனி மேல். குளிர்காலச் சூரியன் வடகோளத்தில் தாழ்வாகத் தெற்கே சாய்ந்து போகும். வடக்குப் பார்த்த பால்கனியில் எவ்வளவு அழகான கடல் தெரிந்தாலும் வெயில் எட்டிப் பார்க்காது, ஈரத்துணி மூன்று நாள் காயாது. வெயில் நாட்டு வீடுகள் கோடையைத் தாங்கக் கட்டியவை, அதனால் கல் தரையும் தடித்த சுவருமாக ராத்திரியில் உள்ளே குளிரும். அறையில் சூடேற்றும் வசதி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. கார் எடுப்பதில்லை. எடுத்தால் அவர் ஓட்டுவார், ஓட்டினால் நாலு இடம் பார்க்க வேண்டும், நாலு இடம் பார்த்தால் அவருக்குப் பெஞ்சும் இல்லை எனக்குத் தண்ணீரும் இல்லை. அப்புறம், ஒரே ஊர். தங்கும் நாளெல்லாம் ஒரே ஊர். இரண்டு ஊர் என்றால் நடுவில் ஒரு நாள் பெட்டி கட்டவே போய்விடும்.

இந்தத் தடவை யார் முதலில் டிக்கெட் பார்த்தார்கள் என்றால், நான். மதேரா. போர்ச்சுகலுக்குச் சொந்தமான தீவு, கனேரித் தீவுகளுக்கு வடக்கே. மணல் கரை அபூர்வம், அதனால் மணலில் படுக்கிறவர்கள் வருவதில்லை. தலைநகர் ஃபுன்ஷாலில் பாறையிலிருந்து நேராகக் கடலுக்குள் இறங்க ஏணிகள் உண்டு, இறங்கினால் உடனே ஆழம். வடமேற்கு முனையில் போர்ட்டோ மோனிஷில் எரிமலைக் குழம்புக் குளங்கள் இருக்கின்றன, அலை அனுமதித்தால் ஒரு நாள் பஸ்ஸில் போய்வரலாம். அவர் முதலில் அஸ்வான் என்றுதான் முரண்டு பிடித்தார். 1950 ஜனவரியில் சர்ச்சில் மதேராவுக்கு வந்து, காமரா டி லோபோஸ் என்ற மீனவர் ஊரில் துறைமுகத்தைப் பார்த்து உட்கார்ந்து படம் வரைந்தார் என்று சொன்னேன். "உட்கார்ந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உட்கார்ந்த இடம் இப்போதும் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

ஒரே சிக்கல், அந்த ஊர் விமான நிலையம். கடலோரம் தூண்கள் மேல் நீட்டிய ஓடுபாதை, மலையிலிருந்து குறுக்கே அடிக்கும் காற்று. காற்று மீறினால் விமானம் இறங்காமல் வேறு தீவுக்கோ லிஸ்பனுக்கோ திரும்பிவிடும். அதனால் திரும்பி வந்த மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. பல் மருத்துவரிடம் வாங்கியிருந்த நேரத்தையும் தள்ளிப்போட்டாயிற்று.